எட்டு நாள் வாரம்

இஸ்ரேல் – பாலஸ்தீனம் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்துவிடும். பெரியம்மா சங்கீதத்திலிருந்து வசனம் போடுவார். சித்தப்பா மகன் காஸாவின் இடிபாட்டுப் படத்தைப் போடுவான். மூன்றாவதாக ஒருவர் வந்து 'அங்கே முதலில் இருந்தது யார்' என்று ஆபிரகாமிலிருந்து ஆரம்பிப்பார். ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போவார். மறுநாள் காலையில் அத்தை அவரைத் திரும்பச் சேர்த்துவிடுவார், பொங்கல் வாழ்த்தோடு.

நான் இதில் வாய் திறப்பதில்லை. குடிநீர்த் திட்டங்களுக்குக் குழாய் வடிவமைப்பது என் பிழைப்பு. எந்த ஊர் வரைபடத்தைப் பார்த்தாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வால்வு எங்கே இருக்கிறது, அதன் சாவி யாரிடம் என்றுதான் முதலில் கண் போகும். அந்தக் கண்ணோடு ஆஸ்லோ ஒப்பந்தத்தைப் படித்தபோது, செய்தித்தாள்கள் இத்தனை வருடம் சொல்லாத ஒரு கதை அதில் இருந்தது.

ஆஸ்லோ என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 1993 செப்டம்பர் 13. வெள்ளை மாளிகைப் புல்வெளி, நடுவில் கைகளை விரித்து கிளிண்டன், இரண்டு பக்கமும் இஸ்ரேல் பிரதமர் யிட்சாக் ராபினும் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத்தும் கைகுலுக்கும் படம். அன்று கையெழுத்தானது கொள்கை அளவிலான ஒன்றுதான். வேலைக்கு ஆகிற ஒப்பந்தம் இரண்டு வருடம் கழித்து, 1995 செப்டம்பர் 28 அன்று வந்தது. அதன் மூன்றாவது இணைப்பில் 40ஆம் பிரிவு. தலைப்பு: தண்ணீரும் கழிவுநீரும். பொறியாளர் கை பட்ட எழுத்து என்று படித்தவுடன் தெரியும். அட்டவணை, அளவு, குழு, மீட்டர் என்று போகிறது.

அதன் முதல் வாக்கியங்களிலேயே இஸ்ரேல் ஒரு பெரிய விஷயத்தை ஒப்புக்கொள்கிறது. 1967 போரில் தான் பிடித்த மேற்குக் கரையில் பாலஸ்தீனர்களுக்குத் தண்ணீர் உரிமை உண்டு என்கிறது. சந்தோஷப்பட்டு அடுத்த வரிக்குப் போனால், அந்த உரிமை என்ன, எவ்வளவு என்பது இறுதித் தீர்வுப் பேச்சில் முடிவாகும் என்று இருக்கிறது.

எருசலேமும் அப்படியே, பிறகு. அகதிகள், பிறகு. எல்லை, பிறகு. யூதக் குடியேற்றங்கள், அதாவது பிடித்த நிலத்தில் இஸ்ரேலியர் கட்டிக் குடியேறிய ஊர்கள், அதுவும் பிறகுதான். ஐந்து வருட இடைக்கால ஏற்பாடு. 1999 மே மாதத்தோடு முடிந்திருக்க வேண்டும். நான் இதை எழுதும்போதும் 40ஆம் பிரிவுதான் நடைமுறை. ஒரு தற்காலிகக் குழாய் இணைப்பு முப்பது வருடம் ஓடினால் அதன் பெயர் என்ன என்று எங்கள் துறையில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

இந்த 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' தெரியாத்தனமாக வந்ததல்ல. எடுத்த எடுப்பில் எருசலேமைப் பற்றிப் பேசினால் மேசையே கவிழ்ந்துவிடும், சின்னச் சின்ன விஷயங்களில் நம்பிக்கை வளரட்டும், பெரியது தானாகக் கனியும் என்பது அன்றைய கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காத்திருக்கும் காலத்தில் ஒரு தரப்பு நிலத்தில் வேலை செய்துகொண்டே இருக்க முடியும், இன்னொரு தரப்பு அனுமதிக்குக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால், அந்தக் காலதாமதம் இருவருக்கும் ஒரே விலை அல்ல. 1993-ல் மேற்குக் கரையில், கிழக்கு எருசலேமைச் சேர்க்காமல், சுமார் 1,10,000 இஸ்ரேலியக் குடியேறிகள் இருந்தார்கள். இன்று 5 லட்சத்துக்கும் மேல். நம்பிக்கையை வளர்க்கும் இடைக்காலத்தில் வளர்ந்தது இதுதான்.

தண்ணீருக்கு வருகிறேன்.

மேற்குக் கரை என்பது பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை மலை. குளிர்கால மழை அந்த மலை உச்சிகளில் விழுந்து, பாறை வெடிப்புகளில் இறங்கி, நிலத்தடியில் சேர்கிறது. இதற்கு மலை நீர்த்தாங்கி என்று பெயர். அதில் மூன்று பகுதிகள் உண்டு. மிகப் பெரியது மேற்குப் பகுதி. மழை விழுவது பாலஸ்தீனக் கிராமங்களின் தலையில். ஆனால் பாறையின் சரிவு மேற்கே. தண்ணீர் பூமிக்கடியில் நடந்து, மேற்குக் கரையை இஸ்ரேலிலிருந்து பிரிக்கும் 1949 போர்நிறுத்தக் கோட்டைத் தாண்டி, இஸ்ரேலின் சமவெளியில் ரோஷ் ஹாயின், தனினீம் ஊற்றுகளில் தலை காட்டுகிறது. ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா. ஒன்று நீளம், ஒன்று குட்டை.

பாலஸ்தீனர் சொல்வது: மழை எங்கள் மலையில் விழுகிறது, தண்ணீர் எங்களுடையது. இஸ்ரேல் சொல்வது: நாடு பிறப்பதற்கு முன்பிருந்தே சமவெளியில் நாங்கள் இறைத்துவருகிறோம், பழைய பயன்பாட்டுக்கு முன்னுரிமை. இரண்டு வாதத்துக்கும் உலக நீர்ச் சட்டத்தில் இடம் உண்டு. வேடிக்கை என்னவென்றால் யோர்தான் நதி விஷயத்தில் இதே இஸ்ரேல் மேலே உட்கார்ந்திருக்கிறது. 1964-ல் கலிலேயாக் கடலிலிருந்து தெற்கே தண்ணீரைக் கொண்டுபோகும் தேசிய நீர்க் குழாயைத் திறந்தபோது, கீழே இருப்பவரின் பழைய பயன்பாடு பற்றி அவ்வளவு அக்கறை காட்டவில்லை. மேட்டில் இருப்பவருக்கு ஒரு நியாயம், பள்ளத்தில் இருப்பவருக்கு இன்னொரு நியாயம் என்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் இரண்டையும் பேசுவது கொஞ்சம் அபூர்வம்.

40ஆம் பிரிவின் அட்டவணைப்படி மலை நீர்த்தாங்கியில் ஆண்டுக்குச் சுமார் 67.9 கோடி கன மீட்டர் தண்ணீர் ஊறுகிறது. அன்றைய பயன்பாடு: இஸ்ரேல் 48.3 கோடி, பாலஸ்தீனர் 11.8 கோடி. மேற்குப் பகுதியை மட்டும் எடுத்தால் இஸ்ரேல் 34 கோடி, பாலஸ்தீனர் 2.2 கோடி. ஒப்பந்தம் இந்தப் பங்கை மாற்றவில்லை, அப்படியே உறையவைத்தது. பாலஸ்தீனர்களின் எதிர்காலத் தேவைக்கு இன்னும் 7 முதல் 8 கோடி கன மீட்டர் என்று கூடுதலாக எழுதினார்கள். அதில் பெரும்பகுதியைக் கிழக்குப் பகுதியில் தோண்டி எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கிழக்குப் பகுதியில் எதிர்பார்த்த அளவு தண்ணீர் கிடைக்கவில்லை.

தோண்டுவது சும்மா நடந்துவிடாது. கூட்டு நீர்க் குழு என்று ஒன்று அமைத்தார்கள். இரு தரப்பிலிருந்தும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள், எல்லா முடிவும் ஒருமனதாக. காகிதத்தில் இதைவிடச் சமத்துவமான குழு இருக்க முடியாது. ஆனால் அந்தக் குழுவின் அதிகாரம் மேற்குக் கரைக்குள் மட்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் இஸ்ரேல் அதே நீர்த்தாங்கியில் ஆழ்துளைக் கிணறு போட பாலஸ்தீனரின் கையெழுத்து தேவையில்லை. இந்தப் பக்கம் பாலஸ்தீனர் ஒரு கிணற்றை ஆழப்படுத்த, குழாயின் விட்டத்தைக் கூட்ட, குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு மேல், இடம் சி பிரிவில் இருந்தால் (ஒப்பந்தம் முழுக்க இஸ்ரேலியக் கட்டுப்பாட்டில் விட்ட பகுதி இது, மேற்குக் கரையில் சுமார் 60 விழுக்காடு) இஸ்ரேலிய ராணுவத்தின் சிவில் நிர்வாகமும் அனுமதிக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையம், மேல்நிலைத் தொட்டி, பிரதான குழாய் எல்லாம் ஊருக்கு வெளியேதான் வரும். ஊருக்கு வெளியே என்றால் அங்கே பெரும்பாலும் சி பிரிவு.

பதிலுக்கு, குடியேற்றங்களுக்குப் போகும் குழாய்களுக்கும் அதே குழுவில் பாலஸ்தீனர் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. உன் ஊர்க் கிணற்றுக்கு அனுமதி வேண்டுமானால் உன் நிலத்தில் வந்து உட்கார்ந்தவனின் குழாய்க்குக் கையெழுத்துப் போடு. சில வருடம் போட்டார்கள். பிறகு மறுத்தார்கள். குழு பல வருடம் கூடவே இல்லை. 2017 ஜனவரியில்தான் விதியைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி உயிர்கொடுத்தார்கள்.

இந்தப் பிரிவையெல்லாம் நான் படிக்கத் தொடங்கியதே அம்மாவால்தான்.

2019-ல் சபையார் ஏற்பாடு செய்த புனிதப் பயணத்தில் அம்மாவுக்குத் துணையாகப் போனேன். தமிழ்நாட்டிலிருந்து வருடாவருடம் இப்படி நிறையப் பேர் போகிறார்கள். அரசு மானியம்கூட உண்டு. ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து என்று மூன்று நாட்டுச் சுற்று. எரிகோவுக்குப் பக்கத்தில் கஸ்ர் அல்-யஹூத் என்ற இடத்தில் பஸ் நின்றது. இயேசு ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லப்படும் துறை. போகிற வழியில் இரண்டு பக்கமும் முள்வேலி, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை. 1967 போருக்குப் பிறகு மூடிக்கிடந்த இடம், 2011-ல்தான் பொதுமக்களுக்கு முழுதாகத் திறந்தது. வெள்ளை அங்கி வாங்கிப் போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே எல்லோரும் படியிறங்கினார்கள். அம்மா கடைசிப் படியில் நின்றுவிட்டார்.

"மக்களே, இதா யோர்தான்?"

கலங்கிய பழுப்புத் தண்ணீர். அகலம் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சானல் அளவுகூட இல்லை. எதிர்க்கரையில் ஜோர்டான் நாட்டுச் சிப்பாய் ஒருவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். சத்தமாகக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவு கிட்டம். ஒரு காலத்தில் இந்தக் கீழ் யோர்தானில் ஆண்டுக்குச் சுமார் 130 கோடி கன மீட்டர் ஓடியது. இன்று அதில் பத்தில் ஒரு பங்கு ஓடினாலே அதிகம், அதிலும் கணிசமானது உப்பு ஊற்றும் கழிவும். மேலே இஸ்ரேல் எடுக்கிறது, யார்முக் கிளையில் சிரியா அணை கட்டி எடுக்கிறது, மிச்சத்தை ஜோர்டான் கால்வாயில் திருப்புகிறது. நாங்கள் நின்ற கரை மேற்குக் கரை. அங்குள்ள பாலஸ்தீனர்களுக்கு 1967-க்குப் பிறகு இந்த நதியிலிருந்து ஒரு சொட்டு எடுக்கவும் வழியில்லை. அம்மா காலை மட்டும் நனைத்துவிட்டு வந்து, பஸ்ஸில் ரொம்ப நேரம் பேசவில்லை. பைபிளில் படித்த யோர்தான் அவர் மனதில் தாமிரபரணியைவிடப் பெரியதாக இருந்திருக்க வேண்டும்.

அன்று இரவு மேற்குக் கரையிலேயே, பெத்லகேமில் தங்கல். மொட்டைமாடியில் நின்று பார்த்தால் ஊர் முழுக்கக் கறுப்புத் தொட்டி. ஒரு வீட்டுக்கு ஒன்றல்ல, நான்கு, ஆறு, சில வீடுகளில் பத்து. நம் சின்டெக்ஸ் மாதிரியேதான். எதிர்க்குன்றில் ஒரே அச்சில் வார்த்த மாதிரிக் கட்டிடங்கள், ஹர் ஹோமா குடியேற்றம். அங்கே கூரையில் சூரிய வெந்நீர்க் கருவியின் வெள்ளை உருளை மட்டும் தெரிந்தது. எங்கள் வழிகாட்டி உள்ளூர்க் கிறிஸ்தவர், நான் தொட்டிகளையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார். "நீங்கள் பிளம்பரா?" என்று சிரித்தார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். கோடையில் சில தெருக்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும், அதனால்தான் இத்தனை தொட்டி என்றார். தொட்டியின் எண்ணிக்கையைப் பார்த்தே எனக்குப் புரிந்திருந்தது. எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறதோ, அதற்கேற்ப மக்கள் தொட்டி வாங்குவார்கள். உலகம் முழுக்க இது மாறாத சூத்திரம்.

இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலம் 2020-ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்கு: இஸ்ரேலியர் ஒருவருக்கு நாளுக்கு 247 லிட்டர், மேற்குக் கரைப் பாலஸ்தீனருக்கு 82 லிட்டர், குழாய் இணைப்பே இல்லாத ஊர்களில் 26 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு நாம் இந்தியாவில் திட்டமிடும்போது எடுத்துக்கொள்வது 135. கிராமத்துக்கு 55. இருபத்தாறு லிட்டரில் ஒரு வீட்டை எப்படி நடத்துவது என்று எனக்கு வடிவமைக்கத் தெரியாது.

இஸ்ரேலியப் பொறியாளர்கள் இதற்குச் சொல்லும் பதிலையும் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியதைவிட அதிகமாகவே நாங்கள் விற்கிறோம். உங்கள் குழாய்களில் பெரும் ஒழுக்கு. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஓடையில் விடுகிறீர்கள், அது எங்கள் பக்கம் வருகிறது. விவசாயத்துக்கு மறுசுழற்சித் தண்ணீரைப் பயன்படுத்த மறுக்கிறீர்கள். இதில் பொய் இல்லை. தங்கள் கழிவுநீரில் 85 விழுக்காட்டுக்கு மேல் சுத்திகரித்து வயலுக்குப் பாய்ச்சும் நாடு இதைச் சொல்லத் தகுதியுள்ளதுதான். ஆனால் இதன் நடுவில் ஒரு சொல் இருக்கிறது: விற்கிறோம். உன் மலையில் விழுந்த மழையை உனக்கே மீட்டர் வைத்து விற்பவரிடம் நன்றி எதிர்பார்க்க முடியாது.

சரி, தண்ணீர் பற்றாக்குறையான பூமி, யார் கையில் இருந்தாலும் இதுதான் நடக்கும் என்று ஒரு காலத்தில் சொல்ல முடிந்தது. இப்போது அதுவும் முடியாது. 2005-ல் அஷ்கெலோன், 2009-ல் ஹதேரா, 2013-ல் சோரெக் என்று இஸ்ரேல் வரிசையாகக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களைக் கட்டியது. வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பங்கு இன்று மத்தியதரைக் கடலிலிருந்து வருகிறது. சென்னை நெம்மேலியில் நாம் குடிக்கும் கடல்நீர் நிலையத்தைக் கட்டியதிலும் அவர்களின் ஐடிஇ நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. ஆக, தண்ணீர் இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், காசும் மின்சாரமும் இருந்தால். அப்படியும் பெத்லகேம் மாடிகளில் தொட்டி குறையவில்லை. இருபது வருடமாக 'பற்றாக்குறைதான் சண்டைக்குக் காரணம்' என்று கருத்தரங்குகளில் பேசியவர்கள், பற்றாக்குறை போன பிறகும் சண்டை ஏன் போகவில்லை என்று பேசக் காணோம்.

என் எண்ணம் இதுதான். நியாயமான சமாதானம் வந்ததா என்று பார்க்க பெரிய அளவுகோல் தேவையில்லை. கிணறு தோண்ட யார் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று கேளுங்கள். இருவரும் ஒருவரிடம் ஒருவர் வாங்க வேண்டும் என்றாலோ, இருவருமே வாங்க வேண்டாம் என்றாலோ சரி. ஒருவர் மட்டும் வாங்க வேண்டும் என்றால் அதன் மேல் எந்தப் பெயரை ஒட்டினாலும், ஒரு நாடு, இரு நாடு, கூட்டாட்சி, எதை ஒட்டினாலும், அது நிற்காது.

பெரிய பேச்சுவார்த்தைகளின் கதை பலரும் எழுதியதுதான், வேகமாகக் கடந்துவிடலாம். 2000 ஜூலையில் அமெரிக்காவின் கேம்ப் டேவிட், இரண்டு வாரம், தோல்வி. டிசம்பரில் கிளிண்டன் தன் வரையறைகளை வாசித்தார். மேற்குக் கரையில் 94 முதல் 96 விழுக்காடு பாலஸ்தீனத்துக்கு என்றது அது. 2001 ஜனவரியில் எகிப்தின் தாபாவில் இரு தரப்பும் மிக நெருங்கினார்கள், ஆனால் இஸ்ரேலில் தேர்தல் வாசலில் நின்றது. 2008 செப்டம்பரில் இஸ்ரேல் பிரதமர் எஹுத் ஓல்மெர்ட் ஓர் எல்லை வரைபடத்தைப் பாலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸுக்குக் காட்டினார், பிரதி கொடுக்கவில்லை. அப்பாஸ் திரும்பிவந்து ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் வரைந்துகொண்டார். ஓல்மெர்ட் அப்போது ஊழல் விசாரணையில் பதவியிழக்கும் நிலையில் இருந்தார். நாட்டின் எல்லையை ஞாபகத்திலிருந்து வரைந்த தலைவர் வேறு யாராவது உண்டா, தெரியவில்லை.

2002 மார்ச் 27-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பெய்ரூட்டில் அரபு நாடுகள் கூடி, 1967 எல்லைக்குத் திரும்பினால் இஸ்ரேலோடு முழு உறவு என்று முன்வைத்த மாநாடு அன்றுதான் தொடங்கியது. அன்று மாலையே நெதன்யா நகர ஹோட்டலில் பஸ்கா விருந்துக்கு உட்கார்ந்தவர்கள் நடுவே ஹமாஸ் தற்கொலைப் படையாளி வெடித்தான். 30 பேர் செத்தார்கள். அதற்கு அடுத்த நாட்களில் இஸ்ரேலியப் பீரங்கிகள் மேற்குக் கரை நகரங்களுக்குள் புகுந்தன. அரபு நாடுகளின் கடிதத்தை இஸ்ரேலில் யாரும் பிரித்துப் படிக்கவில்லை. சமாதானத்தை உடைக்க விரும்புகிறவர்களுக்கு நாள் பார்க்கத் தெரியும். 1994 பிப்ரவரியில் எபிரோனில் தொழுகையில் இருந்த 29 பேரைச் சுட்ட யூதத் தீவிரவாதி பரூக் கோல்ட்ஸ்டைனுக்கும், 1995 நவம்பர் 4 அன்று ராபினைச் சுட்ட இன்னொரு யூதத் தீவிரவாதி யிகால் அமீருக்கும் அது தெரிந்திருந்தது.

2023 அக்டோபர் 4 அன்று, சமாதானத்துக்காக உழைக்கும் இஸ்ரேலியப் பெண்கள் அமைப்பும் பாலஸ்தீனப் பெண்கள் அமைப்பும் சேர்ந்து எருசலேமிலும் சாக்கடல் கரையிலும் கூட்டம் நடத்தினார்கள். மூன்று நாள் கழித்து, ஹமாஸ் தலைமையில் காஸாவிலிருந்து இஸ்ரேலுக்குள் புகுந்தவர்கள் சுமார் 1,200 பேரைக் கொன்று, 251 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இறந்தவர்களில் விவியன் சில்வரும் ஒருவர். அந்த இஸ்ரேலிய அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். காஸா நோயாளிகளைத் தன் காரில் ஏற்றி இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தவர். வயது 74. 'அவர்களோடு சமாதானமா' என்று கேட்கும் இஸ்ரேலியருக்கு அந்த நாள்தான் பதில், அந்தப் பயத்தை யாரும் பாசாங்கு என்று சொல்ல முடியாது. அதே நேரம், இரண்டு நாள் கழித்து இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சர் காஸாவுக்கு மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை என்று அறிவித்தார். தண்ணீரும் நிறுத்தப்பட்டது. 20 லட்சம் பேர் வாழும் இடத்துக்கு வரும் குழாயின் வால்வை ஒருவர் சொல்லி மூட முடிகிறது என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

காஸாவின் நிலத்தடி நீர் அதற்கு முன்பே செத்துவிட்டது. ஊறும் அளவைப் போல மூன்று மடங்கு இறைத்து, கடல்நீர் உள்ளே புகுந்து, 95 விழுக்காட்டுக்கும் மேல் குடிக்க லாயக்கில்லாமல் போயிருந்தது. மின்சாரம் இல்லாமல் கழிவுநீர் நிலையங்கள் நின்றபோது சாக்கடை நேரே கடலுக்குப் போனது. கடல் நீரோட்டம் வடக்கே. சில கிலோமீட்டர் தள்ளி அஷ்கெலோன் கடல்நீர் நிலையத்தின் உறிஞ்சுகுழாய். 2016-ல் காஸாவின் கழிவு வந்து அந்த நிலையத்தைச் சில முறை மூட வேண்டியிருந்தது. வேலி, கோபுரம், கேமரா எல்லாவற்றையும் தாண்டி ஒரு பக்கத்துச் சாக்கடை இன்னொரு பக்கத்துக் குடிநீரை நிறுத்தியது. இக்கோபீஸ் என்ற அமைப்பு, இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் ஜோர்டானியரும் சேர்ந்து 1994 முதல் நடத்துவது, இதையே திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது: அவன் சாக்கடைக்குக் கரண்ட் கொடுப்பது உன் குடிநீருக்குக் காவல். போரில் காஸா சுகாதாரத் துறைக் கணக்குப்படி 60,000-க்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். குழாயும் நிலையமும் பெரும்பாலும் மண்ணோடு மண். 2025 அக்டோபர் போர்நிறுத்தத்துக்கு அடிப்படையான 20 அம்சத் திட்டத்தில் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் கட்டமைப்பைச் சீர்செய்வது என்று ஒரு வரி உண்டு. சீர்செய்த பிறகு வால்வு யாரிடம் என்று வரி இல்லை.

நம்பிக்கை என்று ஏதாவது உண்டா என்று கேட்டால், நான் காட்டுவது ஓர் ஊரை. பத்தீர். பெத்லகேமுக்கு மேற்கே, எருசலேமிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. மலைச்சரிவில் கல் அடுக்கிக் கட்டிய படிவயல்கள், ரோமர் காலக் குளம், ஊற்று, அதிலிருந்து பிரியும் கல்வாய்க்கால்கள். இந்த ஊர்க் கத்திரிக்காய்க்கு அந்த வட்டாரச் சந்தைகளில் தனி மவுசு. ஊற்றுத் தண்ணீர் எட்டுக் குடும்பங்களுக்குப் பொது. ஆளுக்கு ஒரு நாள் முறை. ஏழு நாள் வாரத்தில் எட்டுக் குடும்பத்தை எப்படி அடைப்பது? பத்தீர்க்காரர்கள் வாரத்தையே எட்டு நாளாக்கிவிட்டார்கள். இந்த வாரம் திங்கட்கிழமை தண்ணீர் பாய்ச்சியவருக்கு அடுத்த முறை செவ்வாய், அதற்கடுத்து புதன். வெள்ளிக்கிழமைத் தொழுகை நாளில் பாய்ச்ச வேண்டிய தொல்லையும் எல்லோருக்கும் சுற்றிச் சுற்றி வரும். குளத்து மட்டத்தைக் கீறல் போட்ட குச்சியால் அளந்து பங்கு பிரிப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மடைக்காரர் எவரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அரபி தெரியாமலேயே வேலையைப் பிடித்துக்கொள்வார்.

பத்தீரின் அடிவாரத்தில் யாஃபா – எருசலேம் ரயில்பாதை ஓடுகிறது, 1892-ல் போட்டது. 1948 போரில் ஊர் ஏறக்குறைய காலியானது. ஹசன் முஸ்தபா என்ற உள்ளூர்த் தலைவரும் சிலரும் மட்டும் தங்கி, வீடு வீடாக விளக்கேற்றி, கொடியில் துணி காயப்போட்டு, ஊர் நிறைய ஆள் இருப்பதாகக் காட்டினார்கள் என்று ஊரார் சொல்வார்கள். 1949-ல் போர்நிறுத்தக் கோடு போட்டபோது இஸ்ரேலுக்கு அந்த ரயில்பாதை வேண்டும். பத்தீர் வயல்களில் கணிசமானது பாதைக்கு அந்தப் பக்கம் போய்விடும். முடிவில் ஓர் ஏற்பாடு: ரயிலுக்கு ஊரார் எந்தத் தீங்கும் வராமல் பார்த்துக்கொள்வார்கள், கோட்டைத் தாண்டித் தங்கள் வயலுக்குப் போய் உழுதுகொள்ளலாம், வேலி கிடையாது. இது நியாயமான ஏற்பாடா? இல்லை. பத்தீர் ரயில் நிலையத்தில் வண்டி நிற்பது போயிற்று. அந்த ரயிலில் எருசலேம் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோன ஊர் அது. ஆனால் போர்களையும் இரண்டு இன்டிஃபாதாக்களையும், அதாவது பாலஸ்தீன மக்கள் எழுச்சிகளையும், தாண்டி அது தாக்குப்பிடித்தது. ரயில் போனால் வயல் போகும், வயல் போனால் ரயில் போகும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

2000-களில் இஸ்ரேல் பிரிப்புச் சுவரைக் கட்டிக்கொண்டே வந்தபோது, அது பத்தீர் படிவயல்களை வெட்டிக்கொண்டு போவதாக இருந்தது. ஊராரும் இக்கோபீஸும் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ட்சூர் ஹதாஸா என்ற இஸ்ரேலிய ஊர்க்காரர்களிலும் பலர் சுவர் வேண்டாம் என்றார்கள். எதிர்பாராத திருப்பமாக, இஸ்ரேல் அரசின் இயற்கை மற்றும் பூங்காக்கள் ஆணையமே ராணுவத்துக்கு எதிராக எழுந்து, இந்தப் படிவயலை வெட்டினால் திரும்பக் கட்ட முடியாது என்றது. 2014 ஜூனில் யுனெஸ்கோ பத்தீரை உலகப் பாரம்பரியச் சின்னமாக, ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்து, அறிவித்தது. 2015 ஜனவரியில் சுவர்த் திட்டம் நின்றது.

இப்படிச் சேர்ந்து வேலை செய்வதைப் பாலஸ்தீனரில் பலர் விரும்புவதில்லை. ஆக்கிரமிப்பை மாற்றாமல் அதைச் சகஜமாக்கும் வேலை என்பார்கள். கூட்டு நீர்க் குழுவைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் பத்தீர் வேறு வகை. அங்கே யாரும் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. ஓர் ஊரின் வழக்கை அடுத்த ஊர்க்காரன் தன் வழக்காக எடுத்துக்கொண்டு, தன் நாட்டு நீதிமன்றத்தில், தன் நாட்டு ராணுவத்தைக் கேள்வி கேட்டான்.

2024 ஆகஸ்டில் இஸ்ரேல் நிதியமைச்சர் பெஸலேல் ஸ்மோட்ரிச் பத்தீரை ஒட்டி நஹால் ஹெலெட்ஸ் என்ற புதிய குடியேற்றத்துக்கு எல்லை குறித்துவிட்டதாக அறிவித்தார். 600 டூனம், நம் கணக்கில் கிட்டத்தட்ட 150 ஏக்கர். பாலஸ்தீனத்தை நாடாக அங்கீகரிக்கும் தேசங்களுக்கு இது பதில் என்றும் வெளிப்படையாகவே சொன்னார்கள். நார்வேயும் அயர்லாந்தும் ஸ்பெயினும் எடுத்த முடிவுக்கு, கத்திரிக்காய் விளைவிக்கும் எட்டுக் குடும்பங்களின் மேட்டில் பதில். புதிய குடியேற்றத்துக்கும் தண்ணீர் வேண்டும், சாலை வேண்டும், சாக்கடை சரிவில்தான் இறங்கியாக வேண்டும். சரிவில் இருப்பது ஊற்று. பத்தீர் இன்னும் யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கிறது.